பன்சக்கிக்கு ஒரு மணி நேரம்: சீரடி வழிப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சீரடிப் பயணிகளுக்கும், அவர்களை அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும்,



சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் சீரடிக் குழுக்களின் பயண அட்டை ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் பாபா தரிசனம், பிறகு சனி சிங்கணாப்பூர். மறுநாள் எல்லோரா குகைகள், அதன் பக்கத்திலேயே கிரிஷ்ணேஷ்வர் ஜோதிர்லிங்கம். அங்கிருந்து 30 கிலோமீட்டர் வந்தால் அவுரங்காபாத். 2023 முதல் அதன் அரசுப் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். அங்கே பீபி கா மக்பரா. அட்டையின் கடைசி வரியில், நேரம் இருந்தால் பார்க்கலாம் என்பதுபோல, ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்: பன்சக்கி.

வேன் நிற்கிறது. “இருபது நிமிஷம், சீக்கிரம் வந்துடுங்க” என்கிறார் வழிகாட்டி. வயதானவர்கள் உட்கார நிழல் தேடுகிறார்கள். குழந்தைகள் தொட்டியைப் பார்த்து ஓடுகிறார்கள். உயரமான சுவரிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் நாலு படம் எடுத்தாகிறது. யாரோ ஒருவர் ஓரத்தில் இருக்கும் அறையை எட்டிப் பார்த்து, “ஒரு கல்லு இருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்று வந்து சொல்கிறார். ஹாரன் அடிக்கிறது. எல்லோரும் ஏறிவிடுகிறார்கள்.

அந்த இருபது நிமிடத்தை ஒரு மணி நேரம் ஆக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். வேனிலிருந்து இறங்கிய அந்தக் கூட்டத்தைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கல் ஒரு காலத்தில் இரவும் பகலும் சுற்றியது. தூரத்திலிருந்து வந்தவர்கள், களைத்தவர்கள், அந்த ஊரில் சொந்தபந்தம் இல்லாதவர்கள், சாமி பார்க்கக் கிளம்பியவர்கள்: அவர்களின் ரொட்டிக்கு மாவு அரைத்த இடம் அது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மளிகைக் கடையில் வாங்கும் கோதுமை மாவுப் பொட்டலத்தில் ‘சக்கி ஆட்டா’ என்று போட்டிருக்கிறதே, அந்தச் சக்கிதான் இது. சக்கி என்றால் திருகை. பானி என்ற தண்ணீர் சுருங்கி ‘பன்’ ஆனது. பன்சக்கி என்றால் தண்ணீர் சுற்றும் திருகை. நம் வீடுகளில் பருப்பு உடைக்க, கேழ்வரகு அரைக்க இருந்த திருகையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கீழ்க்கல் அசையாது. மேல்கல் நடுமுளையில் சுற்றும். மேல்கல்லின் குழியில் தானியம் போடுவார்கள். விளிம்பில் மாவாக உதிரும். நம் திருகையில் கைப்பிடி மரக்குச்சியைப் பிடித்திருந்தது பாட்டியின் கை. பன்சக்கியில் அந்த வேலையைத் தண்ணீர் செய்தது.

யாருக்காக, யார் செய்தது?

பன்சக்கி நிற்பது ஒரு தர்காவின் வளாகத்துக்குள். அங்கே அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பாபா ஷா முசாஃபிர். இன்றைய உஸ்பெகிஸ்தானில் புகாரா அருகிலுள்ள கிஜ்துவான் அவருடைய ஊர். நக்ஷ்பந்தி வழியைச் சேர்ந்தவர். அவருடைய குரு பாபா பலங்போஷும் அதே மண்ணிலிருந்து வந்தவர். அவுரங்கசீப் தக்காணத்தில் போர் நடத்திய காலத்தில், ஃபிரோஸ் ஜங் என்ற தளபதியின் படையோடு பலங்போஷ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். சீடரோ அவுரங்காபாதிலேயே தங்கி, காம் ஆற்றின் கரையில் ஒரு தகியாவை நடத்தினார். கீழக்கரைக்காரர்களும் காயல்பட்டினத்துக்காரர்களும் ‘தைக்கா’ என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்தான் தகியா. பக்கீர்களும், வேலை தேடி மத்திய ஆசியாவிலிருந்து வந்த போர்வீரர்களும், மக்காவுக்குப் போகும் வழியில் தங்கியவர்களும் அங்கே வந்து போனார்கள்.

‘முசாஃபிர்’ என்ற சொல்லுக்குப் பயணி என்று பொருள்.

இந்த இரண்டு ஞானிகளின் வாழ்வையும் தகியாவின் அன்றாடத்தையும் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் ஷா முசாஃபிரின் சீடரும் அவருக்குப் பின் பொறுப்பேற்றவருமான ஷா மஹ்மூத் பாரசீகத்தில் எழுதிவைத்த ‘மல்ஃபூஸாத்-இ-நக்ஷ்பந்தியா’ என்ற நூலால்தான். சைமன் டிக்பி என்ற வரலாற்றறிஞர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது 2001இல் வெளிவந்தது. அரசர்களின் நாட்குறிப்பில் வராத எளிய மனிதர்கள் அதில் நிறைய உண்டு.

1715 வாக்கில் ஷா முசாஃபிர் மறைந்தார். அதன் பிறகுதான் தகியா பெரிய வளாகமாக வளர்ந்தது. தக்காணத்தை ஆண்ட நிஜாம்-உல்-முல்க் ஆசஃப் ஜாவின் பிரபுக்களில் ஒருவரான துர்க்தாஸ் கான் அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். ஜமீல் பேக் கான் என்பவர் தொட்டியையும் நீரூற்றுகளையும் சேர்த்தார் என்கிறார்கள். பள்ளிவாசல், மதரஸா, சராய் என்ற தங்குமிடம், கச்சேரி என்ற அலுவலகம் எல்லாம் ஒரே மதிலுக்குள் அமைந்தன. திருகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1744.

மதரஸாவில் படிக்கும் பிள்ளைகள், அநாதைகள், பக்கீர்கள், வேலையாட்கள், வழிப்போக்கர்கள், நகரத்துக் காவல் படை என்று சாப்பிட வேண்டிய வாய்கள் நிறைய. ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ மாவு என்று வைத்தாலும் 200 பேருக்கு ஒரு வேளைக்கே 50 கிலோ ஆகிறது. அவ்வளவையும் கையால் அரைக்க வேண்டுமானால் விடியுமுன்பே பல பெண்கள் திருகை முன் உட்கார வேண்டும்.

அது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதற்கு அந்த மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மராத்தியில் கைத்திருகைக்கு ‘ஜாத்தே’ என்று பெயர். விடியற்காலையில் ஜாத்தே சுற்றியபடி பெண்கள் பாடும் ஈரடிப் பாட்டு ‘ஓவி’. புனேவில் வாழ்ந்த ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வானும் 1980களிலிருந்து கிராமம் கிராமமாகப் போய் இந்தப் பாட்டுகளைச் சேகரித்தார்கள். 1,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் பாடியவை. மொத்தம் 1,10,000 பாட்டுகளைத் தாண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு, பண்டரிபுரத்து விட்டல், அம்பேத்கர், அண்ணன் கொண்டுவராத சேலை என்று எல்லாமே அந்தப் பாட்டுகளில் இருக்கிறது. ஒரு லட்சம் பாட்டுக்கு நேரம் தந்த வேலை என்றால், அந்தக் கல்லின் முன்னால் எத்தனை மணி நேரம் கழிந்திருக்கும்! காம் ஆற்றங்கரையில் தண்ணீரை அந்தக் கல்லில் பூட்டியவர்கள் எத்தனை தோள்களை விடுவித்தார்கள் என்பதை இதை வைத்தே அளக்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து?

பன்சக்கி காம் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆனால் கண்ணெதிரே ஓடும் அந்த ஆற்றுத் தண்ணீர் திருகையைச் சுற்றவில்லை. பார்க்க வருகிறவர்கள் கவனிக்கத் தவறும் முதல் விஷயம் இதுதான்.

இந்த நகரம் இருக்கும் மராத்வாடா மழை குறைந்த பகுதி. இந்த நகரத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சராசரி மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மழைக்காலத்தில் பொங்கிக் கோடையில் ஒடுங்கும் ஓடையை நம்பித் திருகை வைத்தால் பாதி வருடம் சும்மா கிடக்கும். ஆகவே அவர்கள் வடக்கே ஹர்சூல் பக்கம் போனார்கள். சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், ஹர்சூல் ஆற்றோடு ஒரு கிளையாறு கூடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு கிணறு. ஆற்றுப் படுகையின் குறுக்கே கல் கட்டி, மணலுக்கடியில் ஊறும் நீரையும் அந்த வழிக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து தரைக்குக் கீழே சுட்ட மண்குழாய்களைச் சேர்த்துச் சேர்த்து, சுற்றிலும் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டி, நகரம் வரை கொண்டுவந்தார்கள். வெயில் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. வழியில் மாடு இறங்கிக் கலக்கவும் முடியாது.

நிலத்தடியில் வந்த தண்ணீர் பன்சக்கி வளாகத்தில் ஓர் உயரமான கல் தூணுக்குள் ஏறுகிறது. மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை, மாடு இல்லை. பிறகு எப்படி ஏறியது?

வீடு கட்டும்போது கொத்தனார் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்து மட்டம் பார்ப்பாரே, அதே விஷயம்தான். குழாய் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஹர்சூல் பக்கத்துக் கிணறு உயரத்தில் இருக்கிறது. காம் கரை தாழ்வில் இருக்கிறது. மூடிய குழாயில் இறங்கி வந்த தண்ணீர், தான் கிளம்பிய உயரத்தை நோக்கி மீண்டும் எழுகிறது. வழியில் உரசலில் கொஞ்சம் உயரத்தை இழக்கும்; மிச்சமிருக்கும் உயரத்துக்குத் தூணைக் கட்டிவிட்டால் தண்ணீர் உச்சிக்குத் தானாக வந்து சேரும். அந்த உச்சியிலிருந்து கொட்டுவதைத்தான் பயணிகள் படம் எடுக்கிறார்கள். 8 கிலோமீட்டர் நடந்த களைப்பை மறந்து தண்ணீர் குதிக்கும் இடம் அது.

இந்த வித்தை பன்சக்கியோடு தொடங்கியதல்ல. நகரத்துக்கே அதைக் கற்றுக்கொடுத்தவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறித் தக்காணம் வந்து, அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசின் முதல் அமைச்சராக உயர்ந்தவர். 1610இல் கட்கி என்ற ஊரைத் தலைநகராக எழுப்பினார். வறண்ட அந்த இடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர அவர் அமைத்த சுரங்க வாய்க்கால் ‘நஹர்-இ-அம்பரி’. பின்னாளில் அவுரங்கசீப் தக்காணத்தின் சுபேதாராக இருந்தபோது கட்கி அவுரங்காபாத் ஆயிற்று. ஒவ்வொரு காலத்திலும் புதுப்புது நஹர்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுதான் ‘நஹர்-இ-பன்சக்கி’.

தஞ்சாவூர்க்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். மாலிக் அம்பரோடு தோளோடு தோள் நின்றவர்களில் ஷாஜி போன்ஸ்லே ஒருவர். 1624இல் பாத்வடியில் முகலாயப் படையும் பிஜாப்பூர்ப் படையும் சேர்ந்து வந்தபோது, மாலிக் அம்பர் ஏரிக் கரையை உடைத்துவிட்டு நிலத்தைச் சேறாக்கி அவர்களைத் திணறடித்தார். ஷாஜி அன்று அவர் பக்கம் போரிட்டார். அந்த ஷாஜியின் மகன்தான் 1670களில் தஞ்சையைப் பிடித்த வெங்கோஜி. போன்ஸ்லேக்களின் பூர்வீகம் வேரூல், அதாவது காலையில் நீங்கள் பார்த்துவிட்டு வந்த அதே எல்லோரா. கிரிஷ்ணேஷ்வர் கோயிலைப் புதுப்பித்தவர்களில் ஷாஜியின் தந்தை மாலோஜியும் உண்டு. அந்த வழியில் வந்த இரண்டாம் சரபோஜி, ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காக ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். காம் கரையில் நடந்ததும் ஒரத்தநாட்டில் நடந்ததும் ஒரே வேலை: வழிப்போக்கனுக்குச் சோறும் கூரையும்.

கல் எப்படிச் சுற்றியது?

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் நீராலைகளில் பெரிய மரச் சக்கரம் வண்டிச் சக்கரம்போல நிமிர்ந்து நிற்கும். அது சுற்றுவதைப் படுத்திருக்கும் கல்லுக்கு மாற்றப் பல்சக்கரங்கள் வேண்டும். பன்சக்கி வேறு வகை. இதில் சக்கரமே படுத்திருக்கிறது, கூரையில் மின்விசிறி சுற்றுவதுபோல. சக்கரத்தின் நடுவிலிருந்து ஓர் அச்சு நேராக மேலே எழுந்து, கீழ்க்கல்லின் துளை வழியே நுழைந்து, மேல்கல்லைப் பிடித்துக்கொள்கிறது. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் விசிறி இதழ்கள் போன்ற பலகைகளில் ஓரமாக மோதுகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல்லும் ஒரு சுற்று. நடுவே பல்லும் இல்லை, வாரும் இல்லை. பழுதாக அதிகம் எதுவும் இல்லை.

இதில் எவ்வளவு வலு கிடைக்கும்? உதாரணத்துக்கு, நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 588 வாட். இப்படிப்பட்ட எளிய சக்கரத்தில் பாதி வீணானாலும் 294 வாட் கல்லுக்குப் போய்ச் சேரும். நாள் முழுக்க விடாமல் உழைக்கும் ஓர் ஆளின் வலு 75 வாட் அளவு என்பார்கள். ஆக, நான்கு பேர் ஓய்வில்லாமல் திருகை சுற்றுவதற்குச் சமம். அந்த நான்கு பேருக்கும் தூக்கம் உண்டு, பசி உண்டு, கை வலி உண்டு. தண்ணீருக்கு அது எதுவும் கிடையாது.

ஆனால் தண்ணீர் எல்லாவற்றையும் செய்துவிடாது. கல் அரைக்க அரைக்க மழுங்கும். நம் தெருக்களில் “அம்மி கொத்தலையோ அம்மி” என்று கூவிக்கொண்டு வந்தவரை நினைவிருக்கும். நீர்த்திருகைக் கல்லையும் அப்படித்தான் தூக்கிப் புரட்டி, உளியால் வரி வரியாகக் கொத்த வேண்டும். இரண்டு கற்களுக்கும் நடுவே விடும் இடைவெளி மயிரிழை கூடினால் மாவு கொரகொரவென்று வரும். குறைந்தால் கல்லோடு கல் உரசி மாவில் மணல் கலக்கும். விரலிடுக்கில் மாவைத் தேய்த்துப் பார்த்தே அந்த இடைவெளியைச் சரிசெய்யும் கைகள் அங்கே இருந்திருக்க வேண்டும். அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது கல்லோடு அந்தக் கைகளையும் பாருங்கள்.

திருகைக்குப் பிறகு தண்ணீர் என்ன ஆனது என்பது அடுத்த அழகு. பள்ளிவாசலுக்கு முன்னால் இருக்கும் நீள்தொட்டி 164 அடி நீளம், 31 அடி அகலம். அதன் ஓரம் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தரையில் வெட்டிய குளம் என்றே தோன்றும். படியிறங்கிக் கீழே போனால்தான் தெரியும், அந்தக் குளத்தின் அடித்தளம்தான் கீழே உள்ள மண்டபத்தின் கூரை என்று. பருத்த தூண்களின் மேல் வளைவுகள். அவற்றின் மேல் அவ்வளவு தண்ணீர். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தலைக்கு மேல் குளத்தை வைத்துக்கொண்டு படுத்தால் எப்படிக் குளிர்ந்திருக்கும்! யாத்திரிகர்கள் வெயில் நேரத்தை அங்கேதான் கழித்தார்கள். தொட்டியில் மிஞ்சிய தண்ணீர் காம் ஆற்றில் போய் விழுந்தது. ஒரே தண்ணீர் மாவு அரைத்தது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்கு உதவியது, கூரையைக் குளிர்வித்தது, கடைசியில் ஆற்றுக்குத் திரும்பியது.

இன்னும் ஓடும் உறவுகள்

பன்சக்கி இன்று காட்சிப் பொருள். அதன் உறவுக்காரர்கள் இன்னும் உழைக்கிறார்கள். கேதார்நாத், பத்ரிநாத் பக்கம் யாத்திரை போனவர்கள் ஓடைக் கரையில் தாழ்ந்த கூரையோடு சிறு கல்வீடுகளைப் பார்த்திருக்கலாம். உத்தராகண்டிலும் இமாச்சலத்திலும் அவற்றுக்கு ‘கராட்’ என்று பெயர், லடாக்கில் ‘ரன்தக்’. படுத்த சக்கரம், நேரான அச்சு, இரண்டு கற்கள்: குடும்பம் ஒன்றுதான். கல்லுக்கு மேலே கூம்புக் கூடையில் தானியம் தொங்கும். கூடையில் கட்டிய ஒரு குச்சி, சுற்றும் கல்லின் மேல் தட்டித் தட்டித் தானியத்தை உதிர்க்கும். தண்ணீர் வேகமாக வந்தால் கல் வேகமாகச் சுற்றும், குச்சி வேகமாகத் தட்டும், தானியமும் அதற்கேற்பக் கூடுதலாக விழும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அரைத்துக் கொடுத்ததற்குக் கூலியாகக் கொஞ்சம் மாவையே எடுத்துக்கொள்வது வழக்கம்.

டீசல் சக்கி வந்தபோது கராட்கள் பலவும் மூடிக் கிடந்தன. டேராடூனைச் சேர்ந்த ‘ஹெஸ்கோ’ அமைப்பும் அதன் நிறுவனர் அனில் பிரகாஷ் ஜோஷியும் மரச் சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சக்கரம், தேயும் முளைக்குப் பதில் பேரிங் என்று சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து அவற்றை மீண்டும் ஓடவைக்கப் பாடுபட்டார்கள். பகலில் மாவு அரைத்து, இரவில் அதே தண்ணீரில் விளக்கெரிய மின்சாரம் எடுக்கும் கராட்களும் உண்டு. பன்சக்கியில் நின்று பார்த்ததை உயிரோடு பார்க்க விரும்பும் பிள்ளைகளை அடுத்த வடநாட்டு யாத்திரையில் ஒரு கராட் வாசலில் நிறுத்திக் காட்டலாம்.

இன்றைய நகரமும் அந்தத் தூணும்

பன்சக்கியை இன்று பார்க்கும்போது மனம் கனக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நகரம் பல லட்சம் பேருக்குப் பெருகிவிட்டது. குடிதண்ணீரில் பெரும்பகுதி இன்று பைத்தணில் கோதாவரியின் குறுக்கே உள்ள ஜாயக்வாடி அணையிலிருந்து வருகிறது. அணை நகரத்தை விடச் சுமார் 100 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு சொட்டும் மோட்டாரில் ஏற வேண்டும். வீடுகளில் பல நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. இத்தனைக்கும் அதே நகரத்தின் மண்ணுக்குள், பள்ளம் நோக்கித் தானாக ஓடும் வழிகளை நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வெட்டிவைத்திருக்கிறார்கள். பழைய நஹர்களின் மேல் வீடுகளும் சாலைகளும் எழுந்துவிட்டன. குழாய் ஓரிடத்தில் உடைந்தால், எங்கோ தொலைவில் பன்சக்கித் தூணில் தண்ணீர் தளர்ந்துவிடும்.

காம் ஆறும் நெடுங்காலம் சாக்கடையையும் குப்பையையும் சுமந்தது. அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியும் கண்டோன்மென்டும் குடிமக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து கரையைத் துப்புரவாக்கி, குப்பை விழும் இடங்களை அடைத்து, மரம் நட்டு வருகிறார்கள். இந்த முயற்சி உலக நகரங்களுக்கான ராஸ் மையப் பரிசின் 2023-24 இறுதிச் சுற்று வரை போனது. வேலை முடிந்துவிடவில்லை. ஆனால் ஒரு நகரம் தன் ஆற்றை நோக்கி முகத்தைத் திருப்பியிருக்கிறது. போகிற பயணிகள் ஒரு காலி பாட்டிலை அந்த ஆற்றில் போடாமல் வந்தாலே அந்த வேலைக்குத் தோள் கொடுத்ததாகும்.

போகும்போது

தண்ணீர் வந்த வரிசையிலேயே பாருங்கள். நுழைந்ததும் முதலில் தூண். அதன் உச்சியைப் பார்த்து, 8 கிலோமீட்டருக்கு அப்பால் அதைவிடச் சற்று உயரத்தில் ஒரு கிணறு இருப்பதாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அடுத்து திருகை அறை. பிள்ளைகளிடம் மேல்கல் எது, கீழ்க்கல் எது என்று கேளுங்கள். வீட்டில் திருகை பார்த்த தாத்தா பாட்டி கூட இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். அந்தக் குழுவில் அவர்களைவிடச் சிறந்த வழிகாட்டி கிடைக்க மாட்டார். பிறகு தொட்டி. பிறகு படியிறங்கிக் கீழ் மண்டபம். வாய்ப்பிருந்தால் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். வளாகத்தில் ஒரு பெரிய ஆலமரம் இருக்கிறது. அதற்கு 600 வயது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். முட்டி வலிக்காரர்கள் அதன் நிழலில் காத்திருக்கலாம்.

அது வழிபாட்டிடம் என்பதை மறக்க வேண்டாம். தர்காவுக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, தலையை மூடிக்கொண்டு போவது வழக்கம். தொழுகை நேரமானால் பள்ளிவாசல் பக்கம் சத்தம் போடாமல் இருங்கள். மகாராஷ்டிர வக்ஃபு வாரியத்தின் தலைமை அலுவலகமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. தொட்டியோ வாய்க்காலோ பராமரிப்பில்லாமல் இருப்பதைக் கண்டால் முணுமுணுத்துவிட்டு வண்டி ஏறாமல், அங்கேயே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். வெளியூர் யாத்திரிகர்கள் அக்கறையோடு எழுதும் கடிதத்துக்கு உள்ளூரில் ஒரு மதிப்பு உண்டு.

சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பன்சக்கியை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். அந்நேரம் எல்லோரும் களைத்திருப்பார்கள். மனம் ரயில் நேரத்தில் இருக்கும். எல்லோராவுக்குப் போகும் முன், காலை வெயில் ஏறுவதற்குள் வைத்தால் குகைகளைப் பார்க்கும் கண்ணும் மாறும். மலையைக் குடைந்து கோயில் எடுத்தவர்களும் மண்ணைக் குடைந்து தண்ணீர் எடுத்தவர்களும் ஒரே நிலத்தில் வாழ்ந்தார்கள் என்பது அன்று முழுக்க மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வழிகாட்டிகளுக்கு மண்குழாய், தூண், படுத்த சக்கரம் என்ற மூன்றையும் தமிழில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வெளியே வந்ததும் உடனே வண்டி ஏற வேண்டாம். பக்கத்திலேயே மஹ்மூத் தர்வாஜா இருக்கிறது. நகரத்தின் பழைய வாசல்களில் ஒன்று. அதையொட்டிய பாலத்தில் நின்று கீழே காம் ஆற்றைப் பாருங்கள். மேலே தொட்டி, கீழே ஆறு. புகாரா பக்கத்திலிருந்து நடந்து வந்தவனும் அங்கே நின்றிருப்பான், கையில் சூடான ரொட்டியோடு.

அடுத்த பயண அட்டையை அச்சடிக்கும்போது கடைசி வரியை மேலே ஏற்றிவிடுங்கள்: பன்சக்கி, காலை 8 முதல் 9 வரை.

அன்புடன்,
உங்கள் சக பயணி